புலிகாட் ஏரியோடு ஒரு நாள் சைக்கிள்: தடா, சூளூர்பேட்டை, ஸ்ரீஹரிகோட்டா சாலை, நேலபட்டு

தடாக்காரன்

போன சனிக்கிழமை விடியலுக்கு முன்னால் கிளம்பி இருட்டுகிற வரைக்கும் ஏரியோடு இருந்தேன். மொத்தம் 112 கிலோமீட்டர். இந்தப் பக்கம் சைக்கிள் ஓட்ட வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, ஏரியை ஒரு சுற்று சுற்றி வந்துவிடலாமா என்பதுதான். முடியாது. பழவேற்காடு ஏரிக்கு, எங்கள் பக்கத்தில் புலிகாட் என்போம், கரையை ஒட்டியே போகிற சாலை ஒன்று கிடையாது. ஹைவேயில் சென்னையிலிருந்து நெல்லூர் வரை போனாலும் இவ்வளவு பெரிய ஏரி பக்கத்தில் இருப்பதே தெரியாது. கிழக்கே பிரிகிற ஊர்ச்சாலைகள் தண்ணீரில் போய் முடியும், வந்த வழியே திரும்ப வேண்டும். இது தெரியாமல் மேப்பில் நீலத்தைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டு வருகிறவர்கள் உச்சி வெயிலில் ஏதாவது ஒரு படகுத்துறையில் நின்று வழி கேட்கிறார்கள், பாவமாக இருக்கிறது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். இந்த ஏரிக்குள் போகணும், திரும்பணும், மறுபடி வேறு இடத்தில் போகணும். எந்த நேரத்தில் எதற்குள் போவது என்பதைக் காற்றுதான் சொல்லும்.

நாலே முக்காலுக்குத் தடாவில் கிளம்பினேன். சூளூர்பேட்டை 16 கிலோமீட்டர், ஹைவேயில்தான். முன் விளக்கு, பின் விளக்கு இரண்டும் எரிய, ஓரக்கோட்டுக்கு வெளியிலேயே ஓட்டினேன். அந்த நேரத்தில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக வரும், ஒவ்வொன்றும் கடக்கும்போது ஹேண்டில் பாரை ஒரு பக்கம் இழுக்கும். சூளூர்பேட்டையில் காளங்கி ஆற்றங்கரையில் இருக்கிற செங்காளம்மன் கோவிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். இந்தக் கோவில் கதவை ராத்திரியிலும் சாத்துவதில்லை, விடியுமுன் வருகிறவனுக்கு இப்படி ஒரு இடம் இருப்பது பெரிய விஷயம். தண்ணீர் ஐந்து லிட்டர் நிரப்பிக்கொண்டேன். அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா வரைக்கும் சாலையில் நிழல் என்று எதையும் நம்ப முடியாது.

ஆறேகாலுக்கு ஏரிச்சாலைக்குள் இறங்கினேன். இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் மேடு கட்டிப் போட்ட தார்ச்சாலை. பின்னால் மேற்கிலிருந்து லேசான கரைக்காற்று, பெடலைத் தொட்டால் போதும் போல இருந்தது. ஆறரைக்கு மேல் சூரியன் நேர் எதிரில் எழும்பியது. வழியில் வருகிற அட்டகானிதிப்பா ஊருக்கு முன்னாலேயே வலது பக்கம் தண்ணீரில் வெள்ளையாக ஒரு திட்டு, உப்புப் படிந்த மண் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் போகப் போகத் திட்டுக்குக் கால் முளைத்தது. பூநாரை, அதாவது பிளமிங்கோ. எண்ண முயன்று நானூறுக்கு மேல் விட்டுவிட்டேன். எல்லாம் தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாக வைத்துச் சேற்றுத்தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருந்தன. காற்று நின்றிருந்த நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது, நூறு பேர் ஒரே நேரத்தில் கஞ்சி குடிக்கிற மாதிரி. காருக்குள் இருப்பவனுக்கு இது கேட்காது. இதற்காக மட்டுமே சைக்கிளில் போகலாம்.

விண்வெளி மையத்தின் நுழைவாயிலுக்கு வெகு முன்னாலேயே திரும்பிவிட்டேன். அதற்கு மேல் நமக்கு அனுமதி இல்லை, போய் நின்று காவலர்களுக்கு வேலை வைக்கக் கூடாது. திரும்பும்போது அட்டகானிதிப்பாவில் பத்தரை மணி வரை உட்கார்ந்திருந்தேன், வேண்டுமென்றேதான். பத்தரை, பதினொன்றுக்குக் கடல்காற்று கிளம்பும், கிழக்கிலிருந்து. அது முதுகில் வந்ததும் எழுந்தேன். போகும்போதும் பின்காற்று, வரும்போதும் பின்காற்று. ஒரே சாலையில் இரண்டு பக்கமும் காற்றைக் கூட்டிக்கொண்டு போகிற வாய்ப்பு எத்தனை இடத்தில் கிடைக்கும்? இதைத் தலைகீழாகச் செய்தால், அதாவது மதியம் கிளம்பிக் கிழக்கே போனால், 17 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் ஆகும். எனக்கு ஒரு வருடம் முன்னால் ஆகியிருக்கிறது.

சூளூர்பேட்டையில் சாப்பாடு. அப்புறம் வடக்கே 20 கிலோமீட்டர் நேலபட்டு. அங்கே ஊர்க்குளத்தில் நீர்க்கடம்பு மரங்கள் தண்ணீருக்குள்ளேயே நிற்கின்றன, மேலெல்லாம் கூழைக்கடா கூடு. மூன்று மணி வெயிலில் மரத்தடியில் படுத்துக்கொண்டு அந்தக் குஞ்சுகளின் இரைச்சலைக் கேட்டேன். வடக்கே போகும்போது வாடைக்காற்று முகத்தில் அடித்தது, திரும்பும்போது அதே காற்று தள்ளியது. ஏழு மணிக்கு வீடு.

ஒரே ஒரு தொல்லை: தொரவாரிசத்திரம் தாண்டி ஊர்ச்சாலை ஓரத்தில் சீமைக்கருவேல முள். ஒன்றல்ல, பின் டயரில் மூன்று. மற்றதைக் கேளுங்கள், சொல்கிறேன்.

பொன்னேரி சக்கரம்

அண்ணா, படிக்கும்போதே கால் துடிக்கிறது. இரண்டு சந்தேகம். என்னிடம் 28 எம்எம் டயர் சைக்கிள், அது அந்தச் சாலைக்குத் தாங்குமா? அப்புறம் உப்புக்காற்று செயினைத் தின்றுவிடும் என்று கடைக்காரர் பயமுறுத்துகிறார், நிஜமா?

தடாக்காரன்

தம்பி, ஏரிச்சாலைக்கு 28 போதும். ஊர்ச்சாலைக்குள் நுழைவதாக இருந்தால் 35 போடுங்கள், காற்றைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். முள்ளுக்கு எந்த அகலமும் பதில் இல்லை. இரண்டு டியூப், ஒட்டுப் போடுகிற சாமான், பம்ப், ஒரு சின்ன இடுக்கி. இடுக்கியை எல்லோரும் மறக்கிறார்கள். கருவேல முள் டயருக்குள் முறிந்து நிற்கும், விரலால் தடவினால் தெரியாது. புது டியூப் மாட்டி அரை கிலோமீட்டர் போனதும் மறுபடி இறங்கும். டயரின் உட்பக்கத்தைத் துணியால் சுற்றித் துடையுங்கள், முள் இருந்தால் துணி மாட்டும். அங்கே இடுக்கியால் பிடுங்க வேண்டும். எனக்கு மூன்றாவது முள் அப்படித்தான் கிடைத்தது.

உப்பு விஷயத்தில் கடைக்காரர் சொல்வது சரி. அன்றைக்கு ராத்திரியே நல்ல தண்ணீர் ஒரு வாளி, ஈரத்துணியால் செயின், கியர், பிரேக் கேபிள் நுனி எல்லாம் துடைத்து, காய்ந்ததும் எண்ணெய். நாளைக்குச் செய்யலாம் என்று விட்டால் காலையில் செயின் செந்நிறமாக இருக்கும். ஏரித்தண்ணீரில் கழுவவே கூடாது, சேறு போகட்டும் என்று சிலர் கழுவுகிறார்கள்.

பழவேற்காடு தோணி

தென்கரையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் குடும்பம் நாலு தலைமுறையாக இந்த ஏரியில் வலை போடுகிறது. தடாக்காரர் காற்றைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி, எங்கள் படகும் அதே கணக்கில்தான் போகும், வரும். ஒன்றைச் சேர்க்கிறேன். மழை அதிகமாகப் பெய்த வருடத்தில் டிசம்பரில் பூநாரை சாலைக்குப் பக்கத்தில் நிற்காது. அதற்கு முழங்கால் தண்ணீர் வேண்டும், ஏரி நிறைந்திருந்தால் ஆழம் குறைந்த மூலைகளைத் தேடிப் போய்விடும். அப்படிப்பட்ட வருடத்தில் பிப்ரவரியில் வாருங்கள். ஏப்ரலுக்கு மேல் வடபகுதி வற்றி வெடித்துப் போகும், வெள்ளை உப்புதான் மிச்சம்.

தண்ணீரில் வரிசையாகக் குச்சி நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். போன மாதம் யாரோ ஒருவர் அதில் சைக்கிளைச் சாய்த்து வைத்துப் படம் எடுத்தார், குச்சி முறிந்தது. அது சும்மா குச்சி இல்லை. எங்கள் ஊர்களில் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்வோம், நல்ல இடம் எல்லோருக்கும் சுற்றிச் சுற்றி வரும். இறால் பிடிக்கிற சுத்துவலையை அந்தக் குச்சியில்தான் கட்டுவது. ஒருவருக்குப் பாடு வருகிற நாளில் குச்சி முறிந்து கிடந்தால் அவர் வீட்டுக்கு அன்றைய வருமானம் போனது. யாரையும் குறை சொல்ல எழுதவில்லை, தெரிந்தால் செய்ய மாட்டீர்கள் என்றுதான்.

லென்ஸ் பிரியன்

தோணி சார், தடாக்காரர், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நான் படம் எடுக்கிறவன். சாலையிலிருந்து இறங்கிச் சேற்றில் கொஞ்சம் நடந்தால் நல்ல படம் கிடைக்கும். அதைத் தப்பு என்கிறார்கள். ஆனால் மீனவர்கள் நாள் முழுக்க அதே தண்ணீரில் நடக்கிறார்கள், பறவை பறப்பதில்லை. நான் மட்டும் ஏன் போகக் கூடாது?

தடாக்காரன்

போன சனிக்கிழமை என் கண் முன்னால் நடந்தது. இரண்டு பேர் காரிலிருந்து இறங்கினார்கள், ஒருவர் தண்ணீருக்குள் நேராக ஓடிக் கையைத் தட்டினார், அடுத்தவர் பறக்கிற படம் எடுத்தார். நானூறும் எழும்பிப் போய்விட்டன. அரை மணி நேரம் நான் சாலையில் நின்றேன், திரும்பவில்லை. எத்தனையோ நூறு மைல் பறந்து வந்து இங்கே மேய்கிற பறவை. மேய வேண்டிய நேரத்தில் ஒவ்வொரு தடவை பறப்பதும் அதற்கு நஷ்டம். சிறகுக்கு அடியில் இருக்கிற அந்தச் சிவப்பு பறந்தால்தான் தெரியும், அது எனக்கும் தெரியும். அதற்காகத் துரத்த வேண்டாம், தானாகவே பறக்கும், காத்திருங்கள். எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

பழவேற்காடு தோணி

தம்பி கேட்டது நியாயமான கேள்வி. நாங்கள் நடக்கும்போது பறவையைப் பார்த்து நடப்பதில்லை. குனிந்துகொண்டு, தண்ணீரில் காலை இழுத்து இழுத்து, பக்கவாட்டில் போவோம். தினமும் அதே ஆட்கள், அதே இடம். ஐம்பது அடியில் நாரை பேசாமல் நிற்கும். அதே நாரை, ஒருவர் நிமிர்ந்து அதைப் பார்த்து நேராக வந்தால் இருநூறு அடியிலேயே எழும்பிவிடும். அதற்குத் தெரியும், யார் மீனுக்கு வந்தவர், யார் தனக்கு வந்தவர் என்று. இன்னொன்று, அந்தச் சேற்றில் தெரியாமல் இறங்காதீர்கள். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே இடுப்பு வரை போகும்.

சைக்கிளில் சாலையிலேயே நில்லுங்கள். இறங்கி, சைக்கிளுக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுங்கள். கால் மணி நேரத்தில் அவைகளே மேய்ந்துகொண்டு பக்கத்தில் வரும்.

லென்ஸ் பிரியன்

சரி சார். புரிந்தது. சைக்கிளுக்குப் பின்னால் உட்காருகிற யோசனை எனக்கு வரவே இல்லை, செய்து பார்க்கிறேன்.

நெல்லூர் மருமகள்

பிறந்தது கும்மிடிப்பூண்டி, வாழ்க்கைப்பட்டது கூடூர். என் மகளுக்குப் பதினான்கு வயது, இரண்டு பேரும் வார இறுதியில் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுவோம். 112 எங்களால் முடியாது. அண்ணன் போன வழியில் எந்தப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்? ஹைவேயில் அவளைக் கூட்டிப்போக எனக்கு மனமில்லை, உண்மையாகச் சொல்கிறேன்.

கும்மிடி எக்ஸ்பிரஸ்

அக்கா, ஹைவேயே வேண்டாம், ரயிலில் போங்கள். சூளூர்பேட்டையில் சைக்கிளோடு இறங்கினால் ஏரிச்சாலை பக்கத்திலேயே தொடங்குகிறது. நம்ம பக்கத்திலிருந்து வந்தால் சென்னையிலிருந்து சூளூர்பேட்டைக்கு வருகிற மின்சார ரயில் இருக்கிறது, எளாவூர், ஆரம்பாக்கம், தடா எல்லாம் நிற்கும். வியாபாரிகளுக்கான வெண்டார் பெட்டியில் சைக்கிளை ஏற்றலாம், லக்கேஜ் சீட்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதிகாலை வண்டியில் மீன் கூடைக்காரர்கள் இருப்பார்கள், கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுப்பார்கள்.

தடாக்காரரிடம் எனக்கு ஒரு மாற்றுக்கருத்து. முதல் 16 கிலோமீட்டரை இருட்டில் ஹைவேயில் ஓட்டுவதை ஒரு வழியாகவே நான் சொல்ல மாட்டேன். நீங்கள் பழகியவர், விளக்கு வைத்திருக்கிறீர்கள், அதெல்லாம் சரி. உங்கள் பதிவைப் படித்துவிட்டு ஒரு கல்லூரிப் பையன் விளக்கில்லாமல் நாலே முக்காலுக்குக் கிளம்புவான்.

தடாக்காரன்

ஒத்துக்கொள்கிறேன். முதல் பதிவில் விளக்கைப் பற்றி ஒரு வரிதான் எழுதினேன், அது போதாது. முதல் தடவை வருகிறவர்கள் ரயிலில் சூளூர்பேட்டை வந்து அங்கிருந்து தொடங்குங்கள்.

நெல்லூர் மருமகள், உங்களுக்கு ஏரிச்சாலை மட்டும் போதும். அட்டகானிதிப்பா வரை போய்த் திரும்பினால் சுமார் இருபது கிலோமீட்டரில் முடியும். ஆறரைக்குள் சாலையில் இருங்கள். பிளமிங்கோ விழா நடக்கிற நாட்களைத் தவிருங்கள், பேருந்தும் காருமாக சாலை நிறைந்துவிடும். ராக்கெட் விடுகிற நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு இந்தச் சாலையில் கெடுபிடி இருக்கும். மகளுக்குத் தொப்பி, முழுக்கைச் சட்டை. தண்ணீரில் பட்டுத் தெறிக்கிற வெயில் கீழிருந்தும் சுடும், தாடைக்கு அடியில்கூடக் கறுக்கும்.

ஆரம்பாக்கம் பெரியவர்

எனக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, இப்போது சைக்கிள் ஓட்டுவதில்லை. நீங்கள் எழுதுவதைப் பேரன் படித்துக் காட்டினான், சிலது சொல்லத் தோன்றியது.

இந்த ஏரிக்கரையில் தூரம் சைக்கிள் ஓட்டினவர்கள் மீன்காரர்கள். கேரியரில் மூங்கில் கூடை, அப்புறம் தகரப் பெட்டி வந்தது, நாற்பது கிலோ மீனும் ஐஸும், கியர் இல்லாத பெரிய சைக்கிள். எங்கள் சித்தப்பா விடியக் கருக்கலில் துறைக்குப் போய் மீன் எடுத்து, உள்ளூர்களில் சுற்றி விற்றுவிட்டு இருட்டித்தான் வருவார். தினமும் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் இருக்கும், யாரும் அளந்ததில்லை. ஐஸ் தண்ணீர் சொட்டிப் பின் ரிம் துருப்பிடிக்கும், அதற்குத் தேங்காய் எண்ணெய்த் துணி போட்டுத் துடைப்பார். அவரும் காலையில் கிழக்கே, சாயங்காலம் மேற்கே என்றுதான் வைத்துக்கொண்டார்.

ஏரிக்குள் பக்கிங்காம் கால்வாய் போகிறது, அதுவும் ஒரு காலத்தில் பெரிய வழி. ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகு படகில் சென்னைக்குப் போகும். அப்பா அந்தப் படகைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்த ஆட்களைப் பற்றிச் சொல்வார். ஸ்ரீஹரிகோட்டாத் தீவில் அப்போது குடியிருந்தவர்கள் உண்டு, ஏனாதிப் பழங்குடிகள் நிறையப் பேர். 1971ல் அங்கே முதல் ராக்கெட் விட்டபோது எனக்குச் சின்ன வயது, அதற்குள் பல குடும்பங்களை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். நீங்கள் ஓட்டுகிற சாலை அந்த வேலைக்காக வந்தது. சாலை வந்ததில் ஏரியின் வடக்கும் தெற்கும் பிரிந்தது, தண்ணீர் முன் மாதிரி தாராளமாக ஓடுவதில்லை என்று மீன்காரர்கள் அப்போதிருந்தே சொல்கிறார்கள். அழகான சாலைதான். அதில் போகும்போது மதகுகளையும் பாருங்கள், அந்த இடத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நின்று பாருங்கள்.

பொன்னேரி சக்கரம்

ஐயா, இதை எழுதியதற்கு நன்றி. உங்கள் சித்தப்பா எந்தத் துறையில் மீன் எடுப்பார்?

ஆரம்பாக்கம் பெரியவர்

பெரும்பாலும் பீமுலவாரிபாளையம். அங்கிருந்து இருக்கம் தீவுக்குப் படகு போகும். ஆந்திராவில் இருக்கிற தீவு, பேச்சு தமிழ். எங்களுக்கு அங்கே சம்பந்த வீடு உண்டு. சைக்கிளையும் படகில் ஏற்றிக்கொள்வார்கள், கேட்டுப் பாருங்கள்.

பழவேற்காடு தோணி

ஐயா சொன்னது எங்கள் தென்கரைக்கும் பொருந்தும். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு இருபது கிலோமீட்டருக்குள்தான், சக்கரம் தம்பிக்கு அரை நாள் வேலை. டச்சுக்காரர்கள் 1613ல் கட்டிய கோட்டையின் இடம் புதராக இருக்கிறது, கல்லறைத் தோட்டம் மட்டும் நன்றாக இருக்கிறது, வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பார்கள். ஆனால் நண்டுக் குழம்புக்கு வருகிறேன் என்று வாருங்கள், கல்லறையை அப்புறம் பார்க்கலாம்.

நெல்லூர் மருமகள்

நேற்று போய்வந்தோம், எழுதிவிடுகிறேன். ரயிலில் சூளூர்பேட்டை, ஆறே காலுக்கு ஏரிச்சாலை. பூநாரை தூரத்தில்தான் இருந்தன, இருநூறு இருக்கும். மகளுக்கு முதலில் ஏமாற்றம். தோணி அண்ணன் சொன்ன மாதிரி இரண்டு சைக்கிளையும் சாலையோரம் நிறுத்தி அதற்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தோம், இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம், பேசவில்லை. முக்கால் மணி நேரம் ஆயிற்று. மேய்ந்துகொண்டே வந்தவை சாலைக்கு இந்த அளவு பக்கத்தில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நடுவே சாம்பல் நிறத்தில் நாலைந்து இருந்தன, வேறு பறவை என்று நினைத்தேன். மகள்தான் சொன்னாள், அவை இளசுகள், நிறம் இனிமேல்தான் வரும், அது தின்கிற தீனியிலிருந்து வருகிற நிறம் என்று. பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாள்.

பெரியவர் சொன்ன மதகிலும் நின்றோம். தண்ணீர் தெற்கிலிருந்து வடக்கே மெதுவாகப் போனது, அவள் ஒரு காய்ந்த இலையைப் போட்டு மறுபக்கம் ஓடிப் போய்ப் பார்த்தாள், வெளியே வர வெகுநேரம் ஆயிற்று.

காற்றுக்காகக் காத்திருக்க எங்களால் முடியவில்லை, ஒன்பதரைக்கே திரும்பிவிட்டோம், அதனால் வரும்போது கொஞ்சம் எதிர்காற்று. அடுத்த தடவை பத்தரை வரை இருப்போம். பஞ்சர் இல்லை. இடுக்கி வாங்கி வைத்திருந்தேன்.

தடாக்காரன்

மிகவும் சந்தோஷம் அம்மா. ஒன்பதரைக்குக் கரைக்காற்று இன்னும் ஓய்ந்திருக்காது, அதுதான் எதிர்த்தது. பிப்ரவரி இரண்டாவது சனிக்கிழமை நான் மறுபடி போகிறேன். சக்கரம் தம்பியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆறு மணிக்கு செங்காளம்மன் கோவில் வாசலில் இருப்போம், மகளோடு வாருங்கள். செயினை அன்றைக்கே துடைத்தீர்களா?

நெல்லூர் மருமகள்

துடைத்தாயிற்று அண்ணா, இரண்டையும் அவளே துடைத்தாள். ஆறு மணிக்கு வருகிறோம்.